பள்ளியில் சமநீதிக் குழு: சேரலாமா, உள்ளே என்ன நடக்கும்?

நீங்கள் கேட்டிருந்தது இது: அமெரிக்காவில் உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் இனப்பாகுபாட்டைக் களைய ஒரு குழு அமைக்கிறார்கள். பெற்றோர் தரப்பிலிருந்து உங்களைச் சேரச் சொல்லி பிரின்சிபால் கேட்டிருக்கிறார். வருடம் முழுக்கப் பயிற்சி உண்டு என்கிறார்கள். இது வெறும் கண்துடைப்பா, நிஜமாகவே ஏதாவது மாறுமா, இன்றைய சட்டச் சூழலில் சிக்கல் வருமா, கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இடையிலான பழைய விவகாரத்தில் நமக்கு என்ன வேலை?

சேருங்கள். ஆனால் சேருவதற்கு முன் பிரின்சிபாலிடம் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பயிற்சி முடிந்த பிறகு இந்தக் குழுவால் பள்ளியின் ஒரு விதியையாவது, ஒரு படிவத்தையாவது மாற்ற முடியுமா? முடியும் என்றால் அந்த வருடம் வீண் போகாது. “அதெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் விழிப்புணர்வு வரட்டும்” என்று பதில் வந்தால் கொஞ்சம் யோசியுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒன்பது வருடத்தில் இரண்டு குழுக்களில் இருந்திருக்கிறேன். ஒன்று பையன் படித்த நடுநிலைப் பள்ளியில், இன்னொன்று பள்ளி முடிந்த பிறகு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சமூக அமைப்பில். இரண்டிலும் வேலை நடந்ததும் நடக்காததும் இந்த ஒரு விஷயத்தைப் பொறுத்துத்தான் இருந்தது.

முதலில் ஒருநாள் பயிற்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதைத்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்கு முன் எல்லா ஆசிரியர்களையும் அரங்கத்தில் உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்த ஒருவர் ஆறு மணி நேரம் பேசுவார். ஆழ்மனச் சாய்வு (நமக்கே தெரியாமல் மனதில் இருக்கும் பாரபட்சம்) என்பார், ஒரு வீடியோ போடுவார், பக்கத்தில் இருப்பவரிடம் பேசச் சொல்வார். நான் முதலில் போனது அப்படி ஒன்றுக்குத்தான். பலர் மனம் உருகிப் பேசினார்கள், சிலர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த திங்கள்கிழமை பள்ளி திறந்தது. முந்தைய வருடம் எந்தப் பிள்ளைகள் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டு அலுவலக வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்களோ, அதே பிள்ளைகள்தான் அந்த வருடமும் உட்கார்ந்திருந்தார்கள்.

இது என் அனுபவம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஃபிராங்க் டாபின், அலெக்ஸாண்ட்ரா கலெவ் என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 800-க்கும் மேற்பட்ட அமெரிக்க நிறுவனங்களின் முப்பது வருடத் தரவைப் பார்த்து 2016-இல் எழுதினார்கள். மேலாளர்களுக்குக் கட்டாயப் பயிற்சி கொண்டுவந்து ஐந்து வருடம் கழிந்த பிறகும், மேலாளர் பதவிகளில் வெள்ளையினப் பெண்களின் பங்கோ, கறுப்பின ஆண்களின் பங்கோ கூடவில்லை. கறுப்பினப் பெண்களின் பங்கு சராசரியாக 9 சதவீதம் குறைந்தே போயிருந்தது. வற்புறுத்தினால் மனிதர்கள் முறுக்கிக்கொள்கிறார்கள். அதே ஆய்வில் பலன் தந்தவை எவை என்று பார்த்தால், தாமாக முன்வந்தவர்கள் சேர்ந்த பணிக்குழுக்கள், யார் என்ன செய்தார்கள் என்று திரும்பக் கேட்கும் ஏற்பாடு, இளையவர்களுக்கு வழிகாட்டும் முறை. பள்ளிக்கும் கம்பெனிக்கும் வித்தியாசம் உண்டுதான். ஆனால் கட்டாயச் சொற்பொழிவைவிடக் குழுவே மேல் என்பது நான் பார்த்ததோடு ஒத்துப்போகிறது.

குழுவைப் பயிற்றுவிக்கும் வேலையைப் பல வருடமாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் 1980-இல் தொடங்கிய பீப்பிள்ஸ் இன்ஸ்டிட்யூட் ஃபார் சர்வைவல் அண்ட் பியாண்ட் இதில் மூத்தது. அமைப்புக்குள்ளேயே ஒரு குழுவை நெடுங்காலத்துக்கு வளர்த்தெடுக்கும் முறையைக் கையாளும் கிராஸ்ரோட்ஸ் என்ற அமைப்பு 1986 முதல் இருக்கிறது. பெக்கி மெக்கின்டாஷ் என்ற கல்வியாளர் 1987-இல் ஆரம்பித்த சீட் (SEED) என்ற திட்டத்தில் வெளியாள் வந்து பாடம் எடுப்பதில்லை. பள்ளியின் ஆசிரியர் ஒருவரே கோடையில் பயிற்சி பெற்று வந்து, சக ஆசிரியர்களோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவார். எனக்கு இந்தக் கடைசி முறை பிடிக்கும். வெளியாள் மாலை விமானத்தில் கிளம்பிவிடுவார், அடுத்த அறை ஆசிரியர் நாளைக்கும் இருப்பார்.

உங்கள் குழுவில் யார் யார் என்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர் போதும். பிரின்சிபால் அல்லது துணைப் பிரின்சிபால் கட்டாயம் இருக்க வேண்டும், கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆசிரியர்கள் இருப்பார்கள். ஆனால் முன் அலுவலகத்தில் போன் எடுப்பவர், பஸ் ஓட்டுநர், மதிய உணவுக் கூடத்தில் நிற்பவர் இவர்களில் ஒருவராவது வேண்டும். பிள்ளைகள் பள்ளியை முதலில் சந்திப்பதே இவர்கள் வழியாகத்தான். எங்கள் பள்ளிக் குழுவில் இருந்த பஸ் ஓட்டுநர் ஒருவர் இரண்டாவது கூட்டத்திலேயே சொன்னார், எந்த நிறுத்தத்தில் ஏறும் பிள்ளைகள் காலைச் சாப்பாட்டைத் தவறவிடுகிறார்கள் என்று. பஸ் தாமதமானதற்குப் பிள்ளைகளுக்குத் தாமதச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தோம். இதை எந்த ஆசிரியரும் கவனித்திருக்கவில்லை.

பயிற்சியின் முதல் இரண்டு மூன்று மாதம் வரலாறாகத்தான் இருக்கும். பொறுமையாக இருங்கள். அந்த வரலாற்றில் நாமும் இருக்கிறோம் என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது. பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்போது குடியுரிமைச் சட்டம் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும்தான் இடம் கொடுத்தது. அவர் தரப்பு வாதம் என்ன தெரியுமா? தான் உயர்சாதி, ஆரிய ரத்தம், ஆகவே வெள்ளையன். 1923-இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சாதியைக் காட்டி நிறத்துக்குள் நுழையப் பார்த்த அந்த வழக்கைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நம்மில் பெரும்பாலோர் இங்கே வர முடிந்தது 1965-இன் குடியேற்றச் சட்டத்தால். சம உரிமைகளுக்கான குடிமை உரிமைப் போராட்டத்தில் கறுப்பினத்தவர் தடியடியும் சிறையும் பட்டு நாட்டின் மனசாட்சியை உலுக்கிய காலத்தில்தான் அந்தச் சட்டமும் வந்தது. நமக்கு என்ன வேலை என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பாதிப் பதில்.

பள்ளியின் வரலாறும் அப்படித்தான். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில், நிறத்தை வைத்துப் பள்ளிகளைப் பிரிப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். உளவியலாளர்களான கென்னத், மேமி கிளார்க் தம்பதி கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் மாறுபட்ட பொம்மைகளைக் காட்டி எது நல்ல பொம்மை என்று கேட்ட ஆய்வும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. பெரும்பாலான குழந்தைகள் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். இந்த அளவு பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் குழு படிக்க வேண்டும். பள்ளிகளை இணைத்தபோது தென் மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த பல பள்ளிகளை மூடினார்கள், பல்லாயிரம் கறுப்பின ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் வேலை இழந்தார்கள். பிள்ளைகள் போய்ச் சேர்ந்த பல பள்ளிகளில் அவர்களைத் தெரிந்த ஒரு ஆசிரியர்கூட இல்லை. 1973-இல் சான் அன்டோனியோ வழக்கில், பள்ளிகளுக்கு இடையே பணத்தில் இருக்கும் ஏற்றத்தாழ்வு மத்திய அரசமைப்புக்கு விரோதமில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. அடுத்த வருடம் டெட்ராய்ட் வழக்கில், நகரத்துப் பள்ளிகளின் பிரிவினையைச் சரிசெய்யப் புறநகர்ப் பள்ளி மாவட்டங்களை (தனித்தனி நிர்வாகமும் எல்லையும் உள்ள பள்ளிப் பகுதிகளை) இழுக்கக் கூடாது என்று அதே ஐந்துக்கு நான்கு. வீட்டு வரி பள்ளிக்குப் போகிறது, வீட்டு விலையைப் பள்ளி மாவட்டத்தின் எல்லைக்கோடு தீர்மானிக்கிறது, அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. நாம் வீடு வாங்கும்போது “ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு” என்று கேட்கிறோமே, அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கதை.

எங்கள் பயிற்சியாளர் செய்த ஒரு நல்ல காரியம், ஊரின் வரைபடத்தை மேசையில் விரித்தது. ஆரம்பப் பள்ளிகளின் எல்லைக் கோடுகளை ஒவ்வொருவராகப் பென்சிலால் வரையச் சொன்னார். ஒரு கோடு நேராகப் போய், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைச் சுற்றி வளைந்து, மறுபடி நேராகப் போனது. அந்த வளைவை யார் எப்போது வரைந்தார்கள் என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் அந்த மாத வீட்டுப்பாடம்.

அப்புறம், சொற்கள். ரேசிசம் என்றால் ஒருவர் மனதில் இருக்கும் வெறுப்பு என்றுதான் நாம் எடுத்துக்கொள்வோம். பயிற்சியில் இனம் சார்ந்த முன்முடிவோடு அதிகாரமும் சேர்ந்தால்தான் அது ரேசிசம் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அமைப்பை ஆராய்வதற்கு அந்த விளக்கம் உதவும், பொறுப்பை ஆட்களிடமிருந்து நடைமுறைக்கு நகர்த்தும். ஆனால் கூட்டத்தில் யாராவது தனக்கு நேர்ந்த அவமானத்தைச் சொல்லும்போது, “உன் விஷயம் இந்த வரையறைக்குள் வராது” என்று வாயை அடைக்க அதைப் பயன்படுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அது தவறு. அப்படி நடந்தால் நீங்கள் தயங்காமல் பேசுங்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பயிற்சியின் உயிர், பள்ளியின் சொந்தப் பதிவேடுகளைப் படிப்பதில் இருக்கிறது.

மத்திய அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகம் 2018-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களில் கறுப்பினத்தவர் 15.5 சதவீதம், சஸ்பெண்ட் ஆனவர்களில் அவர்கள் 39 சதவீதம். நாட்டுக் கணக்கைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டிவிட்டு, “நம் பள்ளியில் அப்படி இல்லை” என்பார்கள். எங்கள் பள்ளியிலும் அதைத்தான் சொன்னார்கள். அதனால் பயிற்சியாளர் ஒரு வருடத்து ரெஃபரல் சீட்டுகளை எடுத்துவரச் சொன்னார். ஆசிரியர் ஒரு பிள்ளையை வகுப்பிலிருந்து அலுவலகத்துக்கு அனுப்பும்போது எழுதிக் கொடுப்பாரே, அந்தச் சீட்டு. பெயர்களைக் கறுப்பு மையால் அடித்துவிட்டு நகல் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு வியாழக்கிழமை மாலை, நூலக மேசைகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, சீட்டுகளைக் காரணவாரியாக அடுக்கினோம்.

ஒரு பக்கம் நேரில் பார்த்தால் தெரியக்கூடிய காரணங்கள்: சுவரில் கிறுக்கினான், புகைத்தான், வகுப்புக்கு வரவில்லை, அடித்தான். இன்னொரு பக்கம் பார்ப்பவர் முடிவுசெய்ய வேண்டிய காரணங்கள்: மரியாதை இல்லாத பேச்சு, எதிர்த்து நின்றாள், சத்தம் அதிகம், முறைத்தான். அடுக்கி முடித்ததும் சீட்டின் மூலையில் இருந்த இனக் குறியீட்டைப் பார்க்கச் சொன்னார். முதல் பக்கம் கலந்திருந்தது. இரண்டாவது பக்கத்தில் கிட்டத்தட்ட எல்லாமே கறுப்பினப் பிள்ளைகள். யாரும் ஒன்றும் பேசவில்லை. இருபது வருடமாக அங்கே கணக்குப் பாடம் எடுக்கும் ஓர் அம்மா தன் கையெழுத்தைத் தானே அடையாளம் கண்டு, ஒவ்வொரு சீட்டாக எடுத்து, தனியே தன் முன்னால் அடுக்க ஆரம்பித்தார். ஏழோ எட்டோ இருக்கும். “இந்தப் பிள்ளையை எனக்கு நினைவிருக்கிறது. அவள் என்னிடம் ‘ஏன்’ என்றுதான் கேட்டாள்” என்றார்.

ரஸ்ஸல் ஸ்கிபாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2002-இல் எழுதிய ஆய்வில் இதே பாங்குதான் இருந்தது. வெள்ளையினப் பிள்ளைகள் அதிகம் அனுப்பப்பட்டது புகைத்தல், பொருளைச் சேதப்படுத்துதல் மாதிரிக் காரணங்களுக்கு, கறுப்பினப் பிள்ளைகள் மரியாதைக்குறைவு, அதிகச் சத்தம் போன்றவற்றுக்கு. யேல் பல்கலைக்கழகத்தில் வால்டர் கில்லியம் குழு 2016-இல் செய்த ஆய்வில், மழலையர் பள்ளி ஆசிரியர்களிடம் குழந்தைகள் விளையாடும் வீடியோவைக் காட்டி, தொல்லை வரப்போவதைக் கண்டுபிடியுங்கள் என்றார்கள். அந்த வீடியோவில் தொல்லை என்று எதுவுமே இல்லை. ஆசிரியர்களின் கண் போன இடத்தைக் கருவி வைத்து அளந்தபோது, கறுப்பினச் சிறுவன் மேல்தான் அது அதிக நேரம் இருந்தது. தேடுகிற இடத்தில்தானே எதுவும் கிடைக்கும்.

அன்று மாலை நாங்கள் இன்னொன்றும் கவனித்தோம். சீட்டில் நேரம் எழுதியிருக்கும். பார்ப்பவர் முடிவுசெய்யும் காரணங்களில் பெரும்பகுதி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த இரண்டு பீரியடுகளில் இருந்தது. ஆசிரியர் களைத்திருக்கும் நேரம், பிள்ளையும் களைத்திருக்கும் நேரம். இந்த மாதிரித் தருணங்களில்தான் மனதுக்கு அடியில் கிடக்கும் சாய்வு கைக்கு வந்துவிடுகிறது. ஆகவே மொத்த மனித மனதையும் திருத்துவதாக நினைத்து மலைக்காமல், மதியம் ஒன்றிலிருந்து இரண்டரை வரை என்ன செய்யலாம் என்று குழு யோசித்தது. படிவத்தில் “மரியாதைக்குறைவு” என்ற கட்டத்தை எடுத்தோம். என்ன நடந்தது, பிள்ளை சொன்ன வார்த்தை என்ன, அதற்கு முன் ஆசிரியர் சொன்னது என்ன என்று மூன்று வரி எழுதினால்தான் அனுப்பலாம் என்றானது. மதிய நேரத்தில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலர் ஒருவர் நடைபாதையில் இருப்பார், ஆசிரியர் கூப்பிட்டால் ஐந்து நிமிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்வார். அவ்வளவுதான். அடுத்த வருடம் அந்த வகைச் சீட்டுகள் பாதிக்கும் கீழே போயின. கணக்கு டீச்சர் அந்த வருடம் ஒன்றுகூட எழுதவில்லை.

ஜேசன் ஒகோனோஃபுவாவும் மற்றவர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கலிஃபோர்னியாவில் ஐந்து நடுநிலைப் பள்ளிகளில் கணக்கு ஆசிரியர்களை, தவறு செய்த பிள்ளையைத் தண்டிப்பதைவிட அதன் நிலையைப் புரிந்துகொள்வது தங்கள் வேலை என்று யோசித்து எழுதவைக்கும் சிறிய இணையவழிப் பயிற்சி அது. அந்த ஆசிரியர்களின் மாணவர்களிடையே சஸ்பென்ஷன் ஏறக்குறைய பாதியானது. ஆசிரியர்களை நிறவெறியர்கள் என்று யாரும் குற்றஞ்சாட்டவில்லை. அவர்கள் எதற்காக இந்தத் தொழிலுக்கு வந்தார்களோ அதை நினைவூட்டினார்கள்.

சரி, நமக்கு நெருடலான விஷயம் ஒன்றைப் பேசியாக வேண்டும். ஜிஃப்டட் வகுப்பு, அதாவது திறமை மிகுந்தவர்கள் என்று தேர்வு வைத்துப் பிரித்தெடுத்த பிள்ளைகளுக்கான வகுப்பு. உங்கள் குழு இதைத் தொடும்போது நம்மவர்களிடமிருந்துதான் முதல் எதிர்ப்பு வரும். ஃபுளோரிடாவின் பிரவார்ட் கவுண்டியில் என்ன நடந்தது என்று அப்போது சொல்லுங்கள். அங்கே பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைத்தால்தான் ஒரு பிள்ளைக்கு ஜிஃப்டட் தேர்வு வைப்பார்கள். 2005-இல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்குமே, வாசிப்புத் திறனை நம்பியிராத ஒரு முதற்கட்டத் தேர்வு வைத்தார்கள். டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்தார்கள். ஜிஃப்டட் என்று அடையாளம் காணப்பட்டவர்களில் கறுப்பினப் பிள்ளைகளின் எண்ணிக்கை 80 சதவீதமும் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) பிள்ளைகளின் எண்ணிக்கை 130 சதவீதமும் கூடியது. புதிதாகத் திறமை முளைத்துவிடவில்லை, அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பட்ஜெட் நெருக்கடி வந்து எல்லோருக்குமான தேர்வை நிறுத்தியதும் கிடைத்த பலனும் போய்விட்டது.

இங்கே யாரும் தகுதியைக் குறைக்கவில்லை, யார் இடத்தையும் பிடுங்கவும் இல்லை. வாசலைத் தட்டத் தெரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கு மட்டும் திறந்த கதவை எல்லோருக்கும் திறந்தார்கள். அந்தத் தட்டும் வித்தையில் நாம் தேர்ந்தவர்கள். தனியாரிடம் பணம் கட்டித் தேர்வு எழுதவைப்பதும் பிரின்சிபாலுக்கு மூன்று மின்னஞ்சல் அனுப்புவதும் நமக்கு இயல்பாக வரும். நம் பிள்ளைகள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டு வேலை பார்க்கும் ஒரு தாய்க்கு அந்த மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்பதே தெரியாது, அவள் பிள்ளை அதற்கு விலை கொடுக்கக் கூடாது.

நமக்கும் இந்தச் சட்டங்கள் கேடயமாக இருந்திருக்கின்றன, இருக்கின்றன. 1964-இன் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த அமைப்பும் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அதை வைத்துத்தான் 1974-இல் லாவ் வழக்கில், ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளைச் சும்மா வகுப்பில் உட்காரவைத்தால் போதாது, அவர்களுக்குப் புரிய வழிசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் ஆங்கில உதவி வகுப்பும், ஆங்கிலம் அதிகம் தெரியாத பெற்றோர் மொழிபெயர்ப்பாளர் கேட்கும் உரிமையும் அங்கேதான் வேர்விட்டிருக்கின்றன.

அடுத்தது நம் அமைப்புகள். குழுவில் கற்றதை வாரக்கடைசித் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை எனக்கு வந்தது. ஆண்டுவிழா நாடகத்துக்கு ஆள் தேர்ந்துகொண்டிருந்தோம். இளவரசி வேடத்துக்கு வெளுப்பான ஒரு பெண், ராட்சசிக்குக் கறுப்பான ஒரு பெண். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை, இயல்பாகவே அப்படி அமைந்தது. ஒத்திகைக்கு மூன்றாம் வாரம் அந்தக் கறுப்பான பெண், ஒன்பது வயது, ஒப்பனைக்கு உட்கார்ந்தபோது, “எனக்குக் கறுப்புப் பவுடர் பூச வேண்டாம் ஆன்ட்டி, நான் ஏற்கெனவே சரியான கலர்தான்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். கிளார்க் தம்பதியின் பொம்மைகள் என் கண் முன்னால் வந்து நின்றன. அன்றே வேடங்களைச் சீட்டுக் குலுக்கி மாற்றினோம். சில பெற்றோருக்கு வருத்தம்தான். அடுத்த வருடத்திலிருந்து குலுக்கல்தான் விதி என்று எழுதியே வைத்துவிட்டோம்.

சாதியும் அப்படித்தான் வந்து நிற்கும். பேச்சுவாக்கில் “எந்த ஊர், எந்தத் தெரு, யாருக்குச் சொந்தம்” என்று அளந்து பார்ப்பது இங்கேயும் நடக்கிறது. பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இல் தன் பாகுபாட்டு விதியில் சாதியைச் சேர்த்தது. கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022 ஜனவரியில் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில், சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்த முதல் அமெரிக்க நகரமானது. அதே வருடம் கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். பள்ளிக் குழுவில் கறுப்பினப் பெற்றோருடன் உட்கார்ந்து நீதி பேசிவிட்டு, நம் சங்கத்தின் செயற்குழுவில் யார் யார் இருக்கிறார்கள், எப்போதும் அதே ஐந்தாறு குடும்பமா என்று கேட்காமல் இருந்தால் எனக்கு மனசாட்சி உறுத்தும். உங்களுக்கும் உறுத்தும் என்றே நம்புகிறேன்.

குழு எங்கே சறுக்கும் என்பதையும் தெரிந்து வையுங்கள். குழுவில் இருக்கும் ஒரே கறுப்பின ஆசிரியரை எல்லாவற்றுக்கும் விளக்கம் கேட்டு வாட்டிவிடுவார்கள். எங்கள் முதல் குழுவில் அப்படி ஒருவர் இரண்டாம் வருடம் ராஜினாமா செய்தார். வகுப்பு எடுப்பது போதாதென்று, தன் காயத்தைத் திறந்து காட்டிப் பாடம் நடத்தும் வேலையும் சம்பளமில்லாமல் அவர் தலையில் விழுந்திருந்தது. பயிற்சிகளில் இனவாரியாகக் கொஞ்ச நேரம் தனித்தனியே உட்காரவைக்கும் வழக்கம் இதற்காகத்தான் வந்தது. நமக்கு அது விநோதமாக இருக்கும், சில சமயம் நாம் எந்த அறைக்குப் போவது என்றே தெரியாது. வெள்ளையின ஆசிரியர்கள் தங்கள் குழப்பத்தைத் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டால் மற்றவர்களுக்குப் பாரம் குறையும் என்பது அதன் நோக்கம். விருப்பப்பட்டவர்கள் மட்டும் போகலாம் என்று வைத்தால் சிக்கல் இல்லை.

இன்னொன்று, நல்ல நோக்கம் எல்லாம் நல்ல பலன் தராது. பிட்ஸ்பர்க் பள்ளிகளில் தண்டனைக்குப் பதிலாக உறவைச் சீர்படுத்தும் முறையைக் கொண்டுவந்தார்கள். ரேண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அதை இரண்டு வருடம் ஆராய்ந்து 2018-இல் வெளியிட்டது. சஸ்பென்ஷன் குறைந்தது, இன வித்தியாசமும் குறைந்தது. ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிப்பு பின்தங்கியது. ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்க்கும் தேதியை முதலிலேயே குறித்துவிட வேண்டும். ஆசிரியருக்கு உதவி ஆள் கொடுக்காமல் தண்டனையை மட்டும் எடுத்தால் வகுப்பறையில் பிள்ளைகள்தான் அவதிப்படுவார்கள், அதிலும் கறுப்பினப் பிள்ளைகளே அதிகம்.

சட்டச் சூழல் பற்றிப் பயப்படுகிறீர்கள், நியாயம்தான். 2025 ஜனவரிக்குப் பிறகு மத்திய அரசு இத்தகைய திட்டங்களுக்கு எதிராகத் திரும்பியது. பிப்ரவரியில் கல்வித்துறை பள்ளிகளுக்கு மிரட்டலான ஒரு கடிதம் அனுப்பியது. ஆகஸ்டில் மேரிலாண்ட் மத்திய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பல பள்ளி மாவட்டங்கள் குழுவின் பெயரை மாற்றிவிட்டன. பெயர் எதுவானாலும் இருக்கட்டும். ஆறாம் பிரிவு சட்டமாகவே இருக்கிறது. ஒரு பள்ளி தன் ரெஃபரல் சீட்டுகளை எண்ணிப் பார்ப்பதையோ, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே தேர்வு வைப்பதையோ எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

முதல் கூட்டத்துக்குப் போகும்போது மூன்றைக் கேளுங்கள். பிரின்சிபால் மாறினால் குழு தொடரும் என்று ஸ்கூல் போர்டு எழுத்தில் தந்திருக்கிறதா? எங்கள் இரண்டாவது குழு, இயக்குநர் மாறிய ஆறு வாரத்தில் கலைந்துபோனது. கூட்டம் எத்தனை மணிக்கு? மதியம் மூன்று மணிக்கு வைத்தால் ஷிஃப்டில் வேலை பார்க்கும் பெற்றோர் வர முடியாது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டாலும் வர முடியாது. மூன்றாவது, போன வருடத்து ரெஃபரல் சீட்டுகளை எப்போது பார்க்கலாம்? அதற்கு ஒரு தேதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.